கல்யாண மிக்சிங் பண்ணிப் பழகிய கைக்குச் சொந்தக் கதை வருமா?

வெட்டுக்காரன் (குலசேகரம்)

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராக இருக்கிறேன், எடுத்த வீடியோவை வெட்டி அடுக்குகிற மிக்சிங் வேலை. பிளஸ் டூ முடித்ததும் உள்ளே போனவன், இன்னும் வெளியே வரவில்லை. கல்யாணம், புதுநன்மை, கோயில் கொடை, சர்ச் அசனம், துஷ்டி வீட்டு லைவ் என்று நம்ம குமரி மாவட்டத்தில் கேமரா போகிற எல்லா இடத்துச் சமாச்சாரமும் என் கம்ப்யூட்டர் வழியாகப் போயிருக்கிறது. வேலை தெரியும். அதில் சந்தேகம் இல்லை.

விஷயம் என்னவென்றால், அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவள். மழை விட்டதும் லீவு போட்டு அவள் பின்னாலேயே கேமராவோடு நடந்தேன். தலையில் லைட் கட்டிக்கொண்டு விடியும் முன்னே தோட்டத்துக்குப் போவது, பட்டையைச் சீவுவது, சிரட்டையில் பால் சொட்டுவது, அப்புறம் பாலைச் சேர்த்து எடுத்து வந்து ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் அடிப்பது, புகைபோடுவது எல்லாம் எடுத்தாச்சு. ஃபூட்டேஜ் நன்றாகவே இருக்கிறது. வெட்டி முடித்துப் போட்டுப் பார்த்தால் சுற்றுலா விளம்பரம். டிரோன் மேலே போகிறது, புல்லாங்குழல் வருகிறது, ஸ்லோமோஷனில் பால் சொட்டுகிறது, அம்மா அதில் யாரோ ஒரு பொம்பளை.

எத்தனை தடவை கலைத்துப் போட்டாலும் கை தானாகப் பாட்டின் பீட்டுக்கு வெட்டுகிறது. கஸ்டமர் போன் பண்ணி ‘இதை வை, அதை எடு’ என்று சொல்ல ஆள் இல்லாததால் எதை வைப்பது என்றே தெரியவில்லை. இந்த வேலைக்குள்ளேயே இருந்து, தனக்கென்று கதை சொல்கிற ஒரு முறையைக் கண்டுபிடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

கோட்டாற்றான்

தம்பி, கோபப்படாதே. எடிட்டருக்குக் குரல் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதையே நான் நம்பவில்லை. ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததற்கு மாறுகிற கட்டு கண்ணுக்குத் தெரிந்தால் வேலை கெட்டது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துபாயிலிருந்து வந்திருக்கிறார், அவரைக் கூடக் கொஞ்சம் காட்டுங்கள் என்று போன் வந்தால் காட்டுகிறோம், நகையைக் கிட்டத்தில் காட்டு என்றால் அதையும் காட்டுகிறோம். இதில் உன் குரல் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது? கதை சொல்ல ஆசை என்றால் எழுது, டைரக்ட் பண்ணு. மிக்சிங் ரூமில் அதைத் தேடாதே.

பழைய கேசட் (மார்த்தாண்டம்)

கோட்டாற்றான் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த காலத்தில் மிக்சிங் என்றால் கேசட் போடுகிற இரண்டு விசிஆர், நடுவில் ஒரு மிக்சர். ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிய வேண்டும். பாதி வேலை முடிந்தபின் நடுவில் ஒரு ஷாட்டை நுழைக்க நினைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும், அல்லது பதிந்ததையே காப்பி எடுக்க வேண்டும், ஒவ்வொரு காப்பிக்கும் படம் மங்கிக்கொண்டே போகும். அதனால் பட்டனை அழுத்தும் முன்பே மொத்தக் கல்யாணத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவோம். அப்புறம் மினி டிவி (DV) என்கிற சின்ன கேமரா டேப் வந்தது. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போனவர்கள் உண்டு. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், பெரிய தவம் ஒன்றும் இல்லை, டீக்கடையில் பழைய பாக்கி இருந்தது.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு வீடு பிடிபடும். எந்த அத்தை எந்தச் சித்தியோடு பேசுவதில்லை, பந்தியில் யார் வந்தால் யார் நகர்ந்து உட்காருகிறார்கள், குடும்ப போட்டோவுக்குக் கூப்பிடும்போது யார் கை கழுவப் போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். இன்றைக்கு கார்டைச் செருகினால் சில நிமிஷத்தில் காப்பி ஆகிவிடுகிறது, ஃபாஸ்ட் ஃபார்வர்டில் தேடி எடுக்கிறோம், முழு ஃபூட்டேஜையும் அதன் வேகத்தில் உட்கார்ந்து பார்க்கிற எடிட்டரை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. தம்பி நீ பார்த்தாயா? உன் அம்மாவை?

இன்னொன்று. அப்போது எங்கள் கேசட்டில் பாதி கல்ஃபுக்குப் போகும். தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாத அண்ணன் அங்கே ரூமில் போட்டுப் பார்ப்பான். அவனுக்காக நான் முற்றம், கிணற்றடி, வீட்டு நாய் எல்லாவற்றையும் ஓரிரு ஷாட் விட்டுவைப்பேன். முதலாளி, ‘எதுக்குடே நாயி?’ என்று கத்துவார். ஒரு பையன் லீவில் வந்தபோது ஸ்டுடியோவுக்கே வந்து அந்த நாயைப் பற்றித்தான் பேசினான். யாரும் கேட்காத ஒரு ஷாட்டை, பார்க்கப்போகிற ஒரே ஒரு ஆளை மனசில் வைத்து விட்டுவைத்தது, கோட்டாற்றானே, அது என் குரல் இல்லையென்றால் யாருடையது?

தோவாளைப் பிச்சி

அண்ணா, நான் உங்கள் அளவுக்கு அனுபவம் உள்ளவள் இல்லை, ஜவுளிக்கடை, பேக்கரி, பியூட்டி பார்லருக்கெல்லாம் ரீல்ஸ் வெட்டிக் கொடுக்கிறேன். முதல் மூன்று செகண்டில் ஆளை நிறுத்த வேண்டும் என்கிற உலகம். இங்கே யாராவது குரல் பற்றிப் பேசினால் அட்மின் சிரிப்பார்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் நடந்தது. எங்கள் ஊர்ப் பூச்சந்தையை எனக்காக எடுத்து, ஒரு சினிமாப் பாட்டை வைத்து யூடியூபில் போட்டேன். காப்பிரைட் கிளைம் வந்து சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டார்கள். வேறு பாட்டு தேடச் சலிப்பாக இருந்தது, சரி சந்தையின் சத்தத்தையே போடுவோம் என்று எடுத்து வைத்தேன். ஓணம் நேரம், கேரளத்துக்குப் போகிற வண்டிகள் நிற்கின்றன, விலை கத்துகிறார்கள், ஒருத்தர் மலையாளத்தில் கேட்க இன்னொருத்தர் தமிழில் பதில் சொல்கிறார், பின்னால் ஒரு அக்கா நாரில் பூவைத் தொடுத்துக்கொண்டே யாருடனோ போனில் சண்டை போடுகிறாள். பாட்டு இருந்தபோது பூ மட்டும்தான் தெரிந்தது. பாட்டு போனதும் சந்தை வந்துவிட்டது. வியூஸ் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் எந்த வேலையானாலும் முதலில் சத்தத்தை மட்டும் எடிட்டிங் டைம்லைனில் அடுக்கிவிட்டு அதன் மேல்தான் படத்தை வைக்கிறேன். பேக்கரி ரீல்ஸில்கூட தட்டு அடுக்குகிற சத்தத்துக்குத்தான் கட்டு.

அந்தப் புல்லாங்குழலை டெலீட் பண்ணுங்கள் அண்ணா. மியூட் பண்ணினால் போதாது, மறுபடி எடுத்து வைத்துவிடுவீர்கள்.

முட்டத்துக்காரன்

பிச்சி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் சத்தம் மட்டும் இல்லை, யாருடைய பேச்சை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதும் இருக்கிறது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அப்போது ஒரு செய்தி சேனலுக்கு உள்ளூர் கேமராமேன்கள் எடுத்து வருவதை வெட்டி அனுப்புவது என் வேலை. சேனல் பெயர் வேண்டாம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கடற்கரையில் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் அழாமல் கணக்குச் சொன்னார்கள். எந்தப் போட், என்றைக்குப் போனது, எத்தனை நாளைக்கு அரிசியும் தண்ணியும் ஏற்றினார்கள், எவ்வளவு டீசல் இருந்தது, எந்தத் திசைக்குப் போவதாகச் சொன்னார்கள், ஆகவே இப்போது எங்கே தேட வேண்டும் என்று. தேடப் போகிற கப்பலில் கடல் தெரிந்த எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆழக்கடலுக்குப் போங்கள் என்று ஊரே கேட்ட நேரம் அது. நான் அந்தக் கணக்கை அப்படியே அனுப்பினேன். ‘அழுகிற பைட் அனுப்புங்க சார்’ என்று பதில் வந்தது. அப்புறம், பேச்சு புரியவில்லை, கீழே எழுத்துப் போடு என்றார்கள். தமிழில் பேசுகிற தமிழச்சிக்குத் தமிழில் எழுத்துப் போட்டு அனுப்பினேன், அதைப் பற்றித் தனியாக ஒரு இழையே ஆரம்பிக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. என் டைம்லைனில் யாராவது அழ ஆரம்பித்தால் அதற்கு முன்பே வெட்டிவிடுவேன், இல்லையென்றால் அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த பேச்சைத் தொடங்குகிற இடத்திலிருந்து எடுத்துக்கொள்வேன். இப்போது ஊர் சங்கத்துக்கும் பங்குக் கோயிலுக்கும் படம் செய்து கொடுக்கிறேன், யார் பார்த்தாலும் ‘இது நீ வெட்டியதுதானே’ என்று கேட்கிறார்கள். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று முடிவு பண்ணினேன், மீதி அதன் பின்னால் வந்தது.

வடசேரி வாத்தியார்

கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் நடத்துகிறவன் என்பதால் பாடப்புத்தக வாசம் அடிக்கும், மன்னிக்கவும்.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்றொருவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்துகாட்டினார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணத்தின் ஷாட்டுக்குப் பக்கத்திலும் இன்னொரு தடவை சவப்பெட்டியின் ஷாட்டுக்குப் பக்கத்திலும் வைத்தார். முகம் அதேதான், பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றதில் துக்கத்தையும் கண்டார்கள். ஆக கோட்டாற்றானே, மாமியார் முகத்துக்கு அடுத்து நீங்கள் நகையை வைக்கிறீர்களா மருமகளின் கையை வைக்கிறீர்களா என்பதில் ஏற்கெனவே ஒரு கருத்து சொல்லிவிட்டீர்கள், நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு கட்டு எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஆறு காரணங்கள் சொல்லி சதவீதமும் போட்டார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, லயத்துக்கு 10, பார்வை போகும் இடத்துக்கு 7, மீதி 9 திரைப்பரப்புக்கும் இடத்தொடர்ச்சிக்கும். நாம் மிக்சிங்கில் பழகுவது தலைகீழ், பீட்டுக்கு வெட்டிவிட்டு உணர்ச்சியை ஒரு பாட்டு வந்து கொடுத்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். வெட்டுக்காரன் தம்பியின் பிரச்சனை அங்கேதான்.

கோட்டாற்றான்

எங்கள் ஸ்டுடியோவில் தாய்மாமனுக்கு 51, நகைக்கு 49. வாத்தியார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

வெட்டுக்காரன் (குலசேகரம்)

எல்லாருக்கும் நன்றி. பழைய கேசட் அண்ணே கேட்டது உறைத்தது. நேற்று ராத்திரி ஃபூட்டேஜை அதன் வேகத்தில் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். நான் ‘வேஸ்ட்’ என்று ஒரு போல்டரில் தள்ளிவைத்ததில்தான் அம்மா பேசுகிறாள். கேமரா லைட்டைப் போட்டபோது, ‘மூஞ்சில வெட்டம் அடிக்காத மக்களே, கத்தி வழுக்கும்’ என்கிறாள். இன்னொரு இடத்தில் பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு ஷீட் விலை பேசுகிறாள். தூரத்தில் கோயில் ரேடியோ, சர்ச் மணி, பள்ளிவாசல் பாங்கு மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது, நம்ம ஊரில் விடிவதே அப்படித்தானே. இதையெல்லாம் படத்துக்கு இடைஞ்சல் என்று நீக்கியிருக்கிறேன்.

அம்மா திட்டுகிற இடத்திலிருந்தே படத்தைத் தொடங்கலாமா?

தக்கலையான் (இப்போது சென்னை)

வேண்டாம்.

நான் சென்னையில் சினிமா எடிட்டர் ஒருவரிடம் அசிஸ்டென்ட். குறும்பட விழாவுக்கு வருகிற டாக்குமெண்டரியில் பாதிக்குமேல் ‘கேமராவைத் தூரப் போடுடா’ என்று யாராவது திட்டுவதில்தான் தொடங்குகிறது. இயல்பாக இருப்பது மாதிரி காட்டுவதும் இப்போது ஒரு டெம்ப்ளேட். டிரோனுக்குப் பதில் அம்மா திட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சத்தத்தை வை, தொடக்கத்தில் வைக்காதே, கத்தி வழுக்கினால் என்ன ஆகும் என்று நமக்குப் புரிந்த பிறகு அது வரட்டும். பட்டையைச் சீவும்போது ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. அதை முதலில் காட்டிவிட்டால் அந்த ஒரு வரி மிரட்டும்.

என்னுடைய கேள்வி வேறு. எனக்கும் தோட்டம் தெரியும். வெட்டி முடித்த உடனே பால் எடுக்க முடியாது, வடிய விட்டு மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தானே எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் உன் அம்மா என்ன செய்கிறாள்? உன் கட்டில் சிரட்டையில் பால் விழுகிறது, உடனே பக்கெட்டில் ஊற்றுகிறாள். நடுவில் ஒரு முழுக் காலை நேரத்தையே விழுங்கிவிட்டாய். கல்யாண ஹைலைட்ஸில் தாலி கட்டியதும் டிரோனில் மண்டபத்தைக் காட்டுகிற அதே வேலை.

எடிட்டரால் கதை சொல்ல முடியாது என்பவருக்கு ஒரு தகவல். டைரக்டர் பீம்சிங்கின் மகன் பீ. லெனின் எடிட்டராகவே பெயர் எடுத்தவர், அப்புறம் சொந்தமாகக் குறும்படம் எடுத்துத் தேசிய விருதும் வாங்கினார். பாதை இல்லாமல் இல்லை.

பழைய கேசட் (மார்த்தாண்டம்)

தக்கலையான் சொன்ன நேரக் கணக்கைப் படித்ததும் கொடை ஞாபகம்தான் வந்தது. கோயில் கொடைக்கு நான் நிறைய ஷூட் பண்ணியிருக்கிறேன், ஆகவே வில்லுப்பாட்டைப் பக்கத்திலிருந்து கேட்டவன். சுடலைமாடன் கதை எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைப் பாடுகிற புலவருக்கு எங்கே இழுக்க வேண்டும், எங்கே குறுக்க வேண்டும் என்பது கூட்டத்தைப் பார்த்துத்தான். பூஜைக்கு நேரமாகிவிட்டால் ஒரு முழுச் சம்பவத்தை நாலு அடியில் தாண்டுவார். பெண்கள் கூட்டம் நிறைந்து உட்கார்ந்திருந்தால் தாய் பிள்ளையைத் தேடுகிற இடத்தில் அசையாமல் நின்றுவிடுவார், பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு ‘ஆமா’ போட்டு அதை நீட்டிக்கொடுப்பார். சாமி வருகிற இடத்தில் குடமும் உடுக்கையும் வேகம் எடுக்கும், அப்போது வார்த்தைக்கு வேலை இல்லை. ஒரே கதையை வேறு புலவர் பாடினால் வேறு இடத்தில் நிற்பார், அதை வைத்தே யார் என்று சொல்லிவிடலாம். ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து கிளம்பியவர்தானே, அவருடைய நிறுத்தமும் அங்கே பழகியதாகத்தான் எனக்குப் படுகிறது, இது என் ஊகம், வாத்தியார் சண்டைக்கு வர வேண்டாம்.

நீ எங்கே நிற்பாய் என்று உன்னையே கேட்டுப்பார் தம்பி. எனக்குத் தெரிந்து மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவில் நிற்க இடமே கொடுக்க மாட்டார்கள், அதனால் நமக்கு அந்தத் தசை வளரவில்லை.

கோட்டாற்றான்

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நாய் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை.

ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் காட்டினாயா? கல்யாண வீடியோவுக்கு எத்தனை குறை சொன்னாலும் ஒரு நேர்மை உண்டு, வெட்டியதை அந்த வீட்டார் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். நீங்கள் எல்லாரும் கலை பேசுகிறீர்கள், படத்தில் இருக்கிற ஆளுக்கு அது தெரியாது. அவள் ஷீட் விலை பேசியதைத் தோட்ட முதலாளி பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

முட்டத்துக்காரன்

இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான். நான் காட்டாமல் எதையும் வெளியே விடுவதில்லை.

வெட்டுக்காரன் (குலசேகரம்)

காட்டினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், நடந்தது நான் நினைத்தது இல்லை.

டிரோனுக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றாள். விலை பேசியதை எடுத்துவிடு என்றாள், எடுத்தாச்சு, கோட்டாற்றான் அண்ணனுக்கு நன்றி. அப்புறம் திரையைக் கையால் தொட்டு, ‘இந்த மரத்துக்குப் பிறவு எப்படி அந்த மரத்துக்குப் போனேன்? அது மேலத் தட்டுல்லா?’ என்றாள். நான் வெளிச்சம் நன்றாக விழுந்த ஷாட்டாக எடுத்து அடுக்கியிருந்தேன். ஒரு நாளைக்கு முன்னூறு மரத்துக்கு மேல் வெட்டுகிறவளுக்கு ஒவ்வொரு மரமும் வரிசையில்தான் வரும். கீழே ஓடைப் பக்கம் தொடங்கி, வளைந்து ஏறி, மேலத் தட்டில் முடித்து, அங்கிருந்து நேராக வீட்டுக்கு இறங்கி அரிசி போட்டு, தங்கச்சியை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, பால் எடுக்க மறுபடி ஓடையிலிருந்தே தொடங்குவாள், முதலில் வெட்டிய மரத்தில்தானே முதலில் வடிந்து முடியும். இன்னொரு ஷாட்டைக் காட்டி, ‘இது பால் நின்ன மரம், இதுல எதுக்கு இம்புட்டு நேரம் நிக்க?’ என்றாள். எனக்கு அதில் பட்டையின் நிறம் பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

ஆக இப்போது எல்லாவற்றையும் கலைத்துவிட்டு அம்மா நடக்கிற வரிசையில் அடுக்குகிறேன். அழகான ஷாட் பாதி வெளியே போய்விட்டது. ஆனால் முதல் தடவையாக ஒரு கட்டு ஏன் அங்கே விழுகிறது என்று என்னால் காரணம் சொல்ல முடிகிறது. தக்கலையான் அண்ணன் கேட்ட நடு நேரம் வீட்டுக்குள் வருகிறது. பழைய கேசட் அண்ணே கேட்ட இடம், நான் நிற்கப்போவது, அவள் அரிசியைப் போட்டுவிட்டு வாசல் படியில் உட்காருகிற இடத்தில். கொஞ்ச நேரம்தான் உட்காருவாள், அதைக் குறைக்கப் போவதில்லை.

சிக்கல் என்னவென்றால் அந்த வீட்டுப் பகுதியை நான் எடுக்கவே இல்லை. அந்த நேரத்தில் நான் தோட்டத்தில் டிரோன் விட்டுக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் கல்யாணம் வரிசையாக இருக்கிறது, லீவு கிடைக்காது.

தோவாளைப் பிச்சி

தவக்காலம் தொடங்கினால் கிறிஸ்தவக் கல்யாணம் நின்றுவிடுமே அண்ணா, அப்போது ஸ்டுடியோ காலியாகத்தான் இருக்கும்.

வெட்டுக்காரன் (குலசேகரம்)

அதற்குள் இலை உதிர்ந்து வெட்டு நின்றுவிடும் பிச்சி. தை, மாசியில் மரம் இலை கொட்டும், தளிர் விடும் வரை அம்மாவும் வேலைக்குப் போக மாட்டாள்.

தக்கலையான் (இப்போது சென்னை)

அப்படியானால் படம் எடுக்க லீவு எதற்கு? முகூர்த்த நாளில் நீ காலை எத்தனை மணிக்கு ஸ்டுடியோ போகிறாய்? அதற்கு முன்பே அம்மா வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள் அல்லவா. கேமராவை ஸ்டாண்டில் வாசலுக்கு நேராக வைத்து ஓடவிட்டுவிட்டு நீ குளிக்கப் போ. லைட் வேண்டாம், ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடு. சத்தத்துக்குத் தனியாக ஒரு ரெக்கார்டர் அடுப்பங்கரை ஜன்னலில் இருக்கட்டும். ரெக்கார்டர் இல்லையென்றால் போனே போதும், ஏர்பிளேன் மோடில் போட மறக்காதே, நடுவில் மாப்பிள்ளை வீட்டார் போன் பண்ணுவார்கள்.

கோட்டாற்றான்

ஃபூட்டேஜை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வை. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தால் சீசன் நேரத்தில் இடம் போதவில்லை என்று எவனாவது அழித்துவிடுவான். என்னிடம் பழைய டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது, வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தால் மெசேஜ் போடு, வாங்கிக்கொள்.